21 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் - இப்னு பதூதாவின் வெளிநாட்டு வாழ்க்கை

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கும். அவர் அனுப்பிய பணம், கட்டிய வீடு, தங்கச்சிக்குப் போட்ட நகை என்று ஒரு பேச்சு. அப்பா இறந்தபோது வர முடியவில்லை, பிள்ளைக்கு அவர் முகமே சரியாகத் தெரியாது என்று இன்னொரு பேச்சு. இரண்டும் ஒரே ஆளைப் பற்றியதுதான். வளைகுடாவில் எண்ணெய் கிடைத்த பிறகு தொடங்கிய கதை என்று இதை நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய 700 வருடங்களுக்கு முன்னால் ஒரு இளைஞர் இதே கதையை வாழ்ந்து பார்த்திருக்கிறார். நல்லவேளையாக, அதை அவரே சொல்லி எழுத வைத்தும் இருக்கிறார்.

இப்னு பதூதா என்ற பெயரைப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். முகம்மது பின் துக்ளக் பாடத்தில் "மொராக்கோ நாட்டுப் பயணி" என்று வருவார். பயணி என்றதும் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துக் குறிப்பு எழுதிய ஒருவர்தான் மனதில் வருகிறார். ஆனால் அவர் வெளியூரில் இருந்த 24 வருடங்களில் பெரும்பகுதி வேலை தேடுவது, வேலை பார்ப்பது, வேலையை விட்டுத் தப்பிப்பது என்றே கழிந்திருக்கிறது. அந்தக் கோணத்தில் அவர் கதையைப் பார்ப்போம்.

தனியாகக் கிளம்பியவர்

மொராக்கோவின் வடக்கு முனையில் உள்ள தாஞ்சியர் துறைமுகத்தில் 1304-ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. காஜிகள், அதாவது இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள், வந்த குடும்பம். அவரும் அந்தச் சட்டத்தைத்தான் படித்தார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், மக்காவுக்கு ஹஜ் செய்யப் புறப்பட்டார். துணைக்கு யாரும் இல்லை. பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிவது தனக்கும் அவர்களுக்கும் எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதை அவர் தன் நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

முதல் சில வாரங்களிலேயே வெளியூர் என்றால் என்ன என்பது புரிந்துவிட்டது. வழியில் கடும் காய்ச்சல். "இங்கேயே தங்கிக் குணமான பிறகு போ" என்று உடன் வந்தவர் சொல்லியும் கேட்கவில்லை. சாவதாக இருந்தால் போகும் வழியிலேயே சாகிறேன் என்று கிளம்பினார். உடம்பில் வலு இல்லாததால் குதிரையிலிருந்து விழுந்துவிடக் கூடாதென்று தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கான்ஸ்டன்டைன் நகரத்தில் மழையில் நனைந்து அழுக்கான அவருடைய உடையைப் பார்த்த ஆளுநர் ஒரு புதுத் துணியைக் கொடுத்தார். அதன் முனையில் இரண்டு தங்க தினார்கள் முடிந்திருந்தன. பயணத்தில் அவருக்குக் கிடைத்த முதல் உதவி அதுதான்.

அடுத்து துனிஸ். கூட வந்தவர்களை வரவேற்க ஊரில் ஆட்கள் வந்து நின்றார்கள், கட்டித் தழுவினார்கள். இவருக்கு அங்கே யாரையும் தெரியாது. ஒருவர்கூட சலாம் சொல்லவில்லை. அழுகையை அடக்க முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார். அதைக் கவனித்த ஒரு யாத்ரீகர் பக்கத்தில் வந்து, ஊருக்குள் போகும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். உலகத்தின் மாபெரும் பயணிகளில் ஒருவர் என்று இன்று புகழப்படுபவரின் தொடக்கம் இப்படித்தான் இருந்தது.

துனிஸிலிருந்து கிளம்பிய யாத்ரீகர் கூட்டத்துக்கு அவரையே காஜியாக நியமித்தார்கள். அதுதான் அவருடைய முதல் வெளியூர் வேலை. போகும் வழியிலேயே ஒரு திருமணம் நடந்தது. மாமனாரோடு தகராறு வந்து அது முறிந்தது. உடனே இன்னொரு பெண்ணை மணந்து, கூட்டம் முழுவதையும் ஒரு நாள் நிறுத்தி விருந்து வைத்தார். கையில் காசு வந்தால் தாராளமாகச் செலவழிக்கும் அந்தப் பழக்கம் கடைசி வரை மாறவில்லை.

அவரிடம் இருந்த ஒரே முதலீடு

இருபத்தொரு வயது இளைஞருக்கு இவ்வளவு எளிதாக எப்படி வேலை கிடைத்தது? அவரிடம் சரக்கு இல்லை, படை இல்லை, பெரிய பணமும் இல்லை. இருந்தது படிப்பு மட்டுமே.

அந்தக் காலத்தில் மொராக்கோவிலிருந்து சீனக் கடற்கரை வரை முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்களில் எல்லாம் சட்டத்தின் அடிப்படை ஒன்றுதான். அறிஞர்களின் மொழி அரபு. எனவே தாஞ்சியரில் படித்த சட்டம் எகிப்திலும் செல்லும், டெல்லியிலும் செல்லும், மாலத்தீவிலும் செல்லும். போதாக்குறைக்கு, 1326-இல் டமாஸ்கஸ் நகரத்தில் சில வாரங்கள் தங்கியபோது அங்கிருந்த பெரிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டு, கற்பிக்கும் உரிமைச் சான்றுகளையும் வாங்கிக்கொண்டார். இன்றைய மொழியில் சொன்னால், உலகத்தில் பாதி இடங்களில் செல்லுபடியாகும் ஒரு பட்டம் அவர் கையில் இருந்தது. வழி நெடுகிலும் யாத்ரீகர்கள் தங்கச் சத்திரங்களும் மடங்களும் இருந்தன. படித்தவர் வந்தால் வரவேற்று உபசரித்து, போகும்போது ஏதாவது கையில் கொடுத்து அனுப்புவது ஆளுபவர்களுக்குக் கௌரவம்.

மக்காவை அடைந்த பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, இன்றைய துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றினார். கடைசியில் டெல்லி சுல்தானிடம் வேலை தேடி, 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரைக்கு வந்து சேர்ந்ததாக அவரே தேதி சொல்கிறார்.

டெல்லியில் பெரிய வேலை

முகம்மது பின் துக்ளக்குக்கு உள்ளூர்ப் பிரபுக்கள் மேல் நம்பிக்கை குறைவு. வெளிநாட்டிலிருந்து வரும் அறிஞர்களையும் அதிகாரிகளையும் அழைத்துப் பெரிய பதவிகளைக் கொடுத்தார். அவர்களை "வெளிநாட்டான்" என்று யாரும் சொல்லக் கூடாது, "அஜீஸ்" (மதிப்புக்குரியவர்) என்றுதான் அழைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டிருந்தார். இந்தத் தாராளத்தின் புகழ் மேற்காசியா வரை பரவியிருந்தது.

ஆனால் உள்ளே வருவதற்குச் சில நடைமுறைகள் இருந்தன. எல்லையில் யார் வந்தாலும் அவருடைய தோற்றம், உடை, கூட வந்த ஆட்கள், குதிரைகள் என்று எல்லாவற்றையும் எழுதி அஞ்சலில் சுல்தானுக்கு அனுப்பிவிடுவார்கள். சிந்துவிலிருந்து டெல்லிக்கு 50 நாள் பயணம். சுல்தானின் அஞ்சல் மட்டும் ஐந்தே நாளில் போய்விடும். அடுத்து முல்தானில், டெல்லியில் தங்கி வேலை பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்பவருக்கு அனுமதி இல்லை. இப்னு பதூதாவும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் கனம் அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

அடுத்தது அன்பளிப்பு. சுல்தானைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியாது. கொண்டு போகும் அன்பளிப்பைவிடப் பல மடங்கு சுல்தான் திருப்பிக் கொடுப்பார் என்பதால், புதிதாக வருபவர்களுக்கு அன்பளிப்பு வாங்கக் கடன் கொடுப்பதையே சில வியாபாரிகள் தொழிலாக வைத்திருந்தார்கள். இவரும் கடன் வாங்கிக் குதிரைகளும் அம்புகளும் அடிமைகளும் சேர்த்துக்கொண்டு போனார். வேலையில் சேரும் முன்பே கடனாளி ஆகிவிட்டார். ஏஜென்டுக்குக் கட்ட நிலத்தை அடகு வைத்துவிட்டுப் போகிறவர்களின் கதை இங்கேயே ஆரம்பித்துவிட்டது!

டெல்லியில் அவரைக் காஜியாக நியமித்தார்கள். வருடத்துக்கு 12,000 வெள்ளி தினார் சம்பளம், முன்பணமாக இன்னொரு 12,000, சில கிராமங்களின் வருமானம். வேடிக்கை என்னவென்றால், அரசவை மொழியான பாரசீகம் அவருக்குச் சரியாக வராது. அவர் படித்த மாலிகி சட்டப் பிரிவும் டெல்லியில் வழக்கத்தில் இல்லை, அங்கே ஹனஃபி பிரிவு. இதை அவரே சுல்தானிடம் சொன்னார். அதனால் என்ன, இரண்டு துணை காஜிகளைப் போடுகிறேன், அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள், நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்று பதில் வந்தது. பிறகு, முன்பு ஆண்ட சுல்தான் குத்புத்தீன் முபாரக்கின் கல்லறை அறக்கட்டளையை நிர்வகிக்கும் பொறுப்பும் வந்தது. அந்த வருடங்களில் வட இந்தியாவைக் கடும் பஞ்சம் வாட்டியது. அறக்கட்டளை மூலம் ஏழைகளுக்குத் தினமும் சாப்பாடு போட்டதை அவர் பெருமையோடு குறிப்பிடுகிறார்.

கடனும் காவலும்

சம்பளம் பெரிது, செலவு அதைவிடப் பெரிது. கடன் 55,000 தினாராக ஏறிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று நெருக்கினார்கள். அரண்மனை வாசலில் நின்று, சுல்தான் பெயரால் முறையிட்டுக் கடனாளியை உள்ளே போகவிடாமல் தடுப்பது அந்த ஊர் வழக்கம். இப்னு பதூதா அந்த வழக்கத்தையே பயன்படுத்திக்கொண்டார். நான் உள்ளே போகும்போது அப்படியே வந்து தடுங்கள் என்று கடன்காரர்களிடம் சொல்லிவைத்தார். முன்பே சுல்தானைப் புகழ்ந்து அரபியில் ஒரு கவிதையும் பாடியிருந்தார். சுல்தான் கடனைத் தானே தீர்ப்பதாகச் சொல்லி, பல தாமதங்களுக்குப் பிறகு தீர்க்கவும் செய்தார்.

அள்ளிக் கொடுத்த அதே கைதான் தலையையும் எடுத்தது. ஷிஹாபுத்தீன் என்ற ஷேக் சுல்தானிடம் வேலை பார்க்க மறுத்து, அவரைக் கொடுங்கோலர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரைச் சித்திரவதை செய்து தலையை வெட்டினார்கள். இறப்பதற்கு முன் அவரை யார் யார் போய்ப் பார்த்தார்கள் என்று விசாரித்தபோது இப்னு பதூதாவின் பெயரும் வந்தது. நான்கு அடிமைகள் அவரைக் காவல் காத்தார்கள். அப்படிக் காவல் போட்டால் பெரும்பாலும் உயிர் தப்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்து ஐந்து நாள் நோன்பு இருந்தார். குர்ஆனின் ஒரு வசனத்தை ஒரே நாளில் 33,000 முறை ஓதினார். எப்படியோ தப்பித்தார்.

அதன் பிறகு பதவியைத் துறந்து, இருந்ததை எல்லாம் தானம் செய்துவிட்டு, ஒரு துறவியிடம் போய்ச் சேர்ந்தார். சில மாதங்களில் சுல்தானிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. ஹஜ்ஜுக்குப் போக அனுமதி வாங்கி வெளியேறிவிடலாம் என்று நினைத்தவருக்கு, சீனப் பேரரசரிடம் போகும் தூதர் என்ற இன்னும் பெரிய வேலை கிடைத்தது. டெல்லியை விட்டு வெளியேற அதுதான் வழி என்பதால் ஒப்புக்கொண்டார்.

பத்து தினாரும் ஒரு விரிப்பும்

1340-களின் தொடக்கத்தில் தூதுக்குழு புறப்பட்டது. சீனப் பேரரசருக்கான பரிசுகளில் 100 உயர்ஜாதிக் குதிரைகள், 100 ஆண் அடிமைகள், 100 ஆடல் பாடல் பெண்கள், ஏராளமான துணி வகைகள் இருந்தன. இன்றைய அலிகர் பக்கத்திலேயே கொள்ளையர்களிடம் தனியாக மாட்டி, உடுத்தியிருந்த துணி போக எல்லாவற்றையும் இழந்து, எட்டு நாள் காட்டிலும் பாழடைந்த கிராமங்களிலும் ஒளிந்து அலைந்தார். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்.

கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களுக்காக மூன்று மாதம் காத்திருந்தார்கள். பரிசுப் பொருள்கள் பெரிய கப்பலில் ஏறின. இப்னு பதூதாவின் சொந்தச் சாமான்களும் அடிமைகளும் சற்றுச் சிறிய இன்னொரு கப்பலில் ஏறின. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அன்று இரவு கடல் கொந்தளித்தது. பெரிய கப்பல் உடைந்து நொறுங்கியது. தூதுக்குழுவில் உடன் வந்தவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. அதைப் பார்த்த சிறிய கப்பல்காரர்கள் பாயை விரித்து, இவரை விட்டுவிட்டே போய்விட்டார்கள். கூட இருந்தது அவர் விடுதலை செய்திருந்த ஒரு பையன் மட்டும்தான். நிலைமையைப் பார்த்துவிட்டு அவனும் நழுவினான். மிஞ்சியவை பத்து தினாரும், படுத்துத் தூங்கும் ஒரு விரிப்பும்.

அந்தச் சிறிய கப்பலில் அவருடைய குழந்தையைச் சுமந்திருந்த ஓர் அடிமைப் பெண்ணும் இருந்தாள். அவள் இறந்துவிட்டதாகவும், சாமான்கள் பலர் கைக்குப் போய்விட்டதாகவும் பின்னால்தான் அவருக்குத் தெரிய வந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்னு பதூதா தன் கஷ்டங்களைச் சொல்லும் நூலில் அடிமைகளை வாங்கியதும் விற்றதும் பரிசாகக் கொடுத்ததும் சாதாரணமாக வந்து போகின்றன. அவர்களும் வெளிநாடு வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் பக்கத்துக் கதையைச் சொல்லி எழுத வைக்க அவர்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

பரிசை இழந்துவிட்டு டெல்லிக்குத் திரும்பினால் சுல்தான் என்ன செய்வார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். திரும்பவில்லை.

மாலத்தீவில் மறுபடியும் காஜி

சில காலம் மேற்குக் கரையில் அலைந்துவிட்டு மாலத்தீவுக்குப் போனார். கதீஜா என்ற அரசி அங்கே ஆண்டுகொண்டிருந்தார். நடைமுறை அதிகாரம் அவருடைய கணவரான அமைச்சர் கையில். டெல்லி அனுபவத்துக்குப் பிறகு, தான் ஒரு காஜி என்பதையே மறைத்துவிட வேண்டும் என்பது இப்னு பதூதாவின் திட்டம். தெரிந்தால் போகவிட மாட்டார்கள் என்ற பயம். ஆனால் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பயந்தபடியே நடந்தது. வீடு கொடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள், காஜி பதவியையும் கொடுத்தார்கள்.

சோழி, மாசிக் கருவாடு, தென்னங்கயிறு ஆகியவற்றை ஏற்றுமதி செய்து வாழ்ந்த அமைதியான தீவு மக்கள் அவர்கள். இவரோ கண்டிப்பான நீதிபதி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களை அடித்து ஊர்வலம் விடச் செய்தார். பெண்கள் மேலாடை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அது மட்டும் பலிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வந்த ஊரின் பழக்கத்தைப் புரிந்துகொள்வதைவிட, தான் படித்த படிப்பின்படி அதைத் திருத்துவதிலேயே அவருக்கு ஆர்வம் அதிகம். பெரிய குடும்பங்களில் நான்கு திருமணம் செய்து செல்வாக்கை வளர்த்துக்கொண்டார். விரைவிலேயே அமைச்சருக்கு இவர் மேல் சந்தேகம் வந்தது.

போகிறேன் என்று இவர் சொன்னதும், வாங்கிய கடனைக் கட்டிவிட்டுப் போ என்றார்கள். கட்டத் தயாரானதும், போக வேண்டாம் இரு என்றார்கள். கடைசியில் மனைவிகளை விவாகரத்துச் செய்துவிட்டுக் கப்பல் ஏறினார். அவர்களில் ஒருத்தி அப்போது கர்ப்பிணி.

இலங்கையும் மதுரையும்

அங்கிருந்து இலங்கையின் புத்தளம் பகுதி. அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. அந்த அரசருக்குப் பாரசீகம் புரிந்தது. முத்துகளைக் கொடுத்து, சிவனொளிபாத மலைக்குப் போய்வர ஆட்களையும் அனுப்பினார். வேலை இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. அவர் நூலில் நிம்மதியான பகுதிகளில் ஒன்று இது.

பிறகு தமிழகக் கரையை நோக்கி வந்த கப்பல் உடைந்தது. கூட வந்தவர்களையும் பெண்களையும் தெப்பத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் மூழ்கும் கப்பலிலேயே இருந்து, காலையில் கரையில் இருந்தவர்களால் காப்பாற்றப்பட்டார். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன் தம்கானி. அவருடைய மனைவியும் இப்னு பதூதா டெல்லியில் மணந்த ஒரு பெண்ணும் உடன்பிறந்தவர்கள். மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள்கள். சகலை என்ற உறவில் நல்ல வரவேற்பு கிடைத்தது. உடனே இவர் ஒரு யோசனை சொன்னார்: மாலத்தீவின் மேல் படையெடுக்கலாம்! மூன்று மாதத்துக்குக் கப்பல் அந்தப் பக்கம் போக முடியாது என்று கடற்படைத் தலைவர் சொன்னதால் அது தள்ளிப் போனது.

அந்த இடைவெளியில் அவர் பார்த்த காட்சிகள் கொடியவை. பிடிபட்ட ஊர்மக்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, சுல்தான் கொன்றதைப் பார்த்து மனம் வெறுத்து எழுதியிருக்கிறார். மதுரைக்கு வந்தால் அங்கே கொள்ளைநோய். நோய் வந்தவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். சுல்தானும் சீக்கிரமே இறந்துபோனார். இவருக்கும் காய்ச்சல் கண்டது; இதுதான் முடிவு என்று நினைத்தார். அந்த ஊரில் தாராளமாகக் கிடைத்த புளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், பிழைத்துக்கொண்டார். ஊர் பிடிக்கவில்லை என்று விடைபெற்றார். படையெடுப்பும் நடக்கவில்லை.

மேற்குக் கரையில் கடற்கொள்ளையர்கள் மறுபடி எல்லாவற்றையும் பறித்தார்கள். இலங்கை அரசர் கொடுத்த மணிகளும் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் போயின. கால்சட்டையோடு கோழிக்கோடு வந்தவருக்கு ஒருவர் உடை கொடுத்தார், ஒருவர் தலைப்பாகை கொடுத்தார். பிறகு மாலத்தீவுக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தார். அங்கே அவருக்குப் பிறந்த மகனுக்கு அப்போது இரண்டு வயது. அழைத்துப் போகும் எண்ணத்தில்தான் வந்தார். பையனைப் பார்த்ததும், அவன் அவர்களோடு இருப்பதே நல்லது என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து நாளில் கிளம்பிவிட்டார்.

ஊர்க்காரர் ஒருவர்

வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனாவுக்குப் போனதாக நூல் சொல்கிறது. சீனப் பகுதியில் அவர் எவ்வளவு தூரம் உண்மையில் போனார் என்பது பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பகுதியில் ஒரு சந்திப்பு வருகிறது. பெரிய மனிதர் ஒருவர் பார்க்க வந்தார். பேச்சுக் கொடுத்ததில், தாஞ்சியருக்குப் பக்கத்து ஊரான செவுத்தாவைச் சேர்ந்தவர் என்று தெரிந்தது. மீசை முளைக்காத வயதில் டெல்லிக்கு வந்தவர் அவர். சுல்தான் 3,000 தினார் கொடுத்து வேலையில் இருக்கச் சொன்னபோது மறுத்துவிட்டுச் சீனா போனவர். இப்போது பெரும் செல்வந்தர். இருவரும் பார்த்து அழுதார்கள். பல வருடம் கழித்து, சஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள சிஜில்மாசாவில் இப்னு பதூதா தங்கியது அந்த மனிதரின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் வீட்டில். ஒருவர் சீனாவில், ஒருவர் சஹாராவில். இவ்வளவு தூரமா என்று அவரே வியக்கிறார்.

ஊருக்குத் திரும்பியபோது

1348-இல் டமாஸ்கஸுக்குத் திரும்பி வந்தார். 20 வருடங்களுக்கு முன் அங்கே ஒரு மனைவியைக் கர்ப்பிணியாக விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது கிடைத்தது. 40 தங்க தினார் அனுப்பியிருந்தார். இப்போது வந்ததும் முதலில் கேட்டது மகனைத்தான். அவன் இறந்து 12 வருடம் ஆகிறது என்றார்கள். அந்த ஊரில் தாஞ்சியர்க்காரர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். அவரிடம் போய்ப் பெற்றோரைப் பற்றி விசாரித்தார். அப்பா இறந்து 15 வருடம் ஆகிறது, அம்மா உயிரோடு இருக்கிறார் என்று பதில் வந்தது.

அதாவது சிந்து நதியைத் தாண்டி, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்ட அந்தக் காலகட்டத்திலேயே அப்பா இறந்திருக்கிறார். டெல்லியில் வாழ்ந்த அத்தனை வருடமும் அது அவருக்குத் தெரியாது.

அதே 1348-தான் "கருப்புச் சாவு" என்ற பெரும் கொள்ளைநோய் சிரியாவையும் எகிப்தையும் சூறையாடிய வருடம். தினமும் பிணங்களைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகக் கடந்து, 1349-இல் மொராக்கோவுக்கு வந்தார். வீட்டை நெருங்கும் நேரத்தில், அம்மாவும் அதே நோயில் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. 24 வருடம் கழித்து தாஞ்சியருக்கு வந்தவர் பார்த்தது அம்மாவின் கல்லறையை.

வரவும் செலவும்

அதன் பிறகு ஸ்பெயினின் முஸ்லிம் பகுதிக்கும், சஹாராவைத் தாண்டி மாலி பேரரசுக்கும் போனார். மாலி அரசர் வரவேற்புப் பரிசு அனுப்பியிருக்கிறார் என்றதும், பட்டும் பொன்னும் வரும் என்று எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுக்கைத் தயிர். டெல்லியில் பழகிய மனம் இன்னும் டெல்லியிலேயே இருந்தது. 1354-இல் திரும்பிய பிறகு மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி தன் கதையைச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. நினைவிலிருந்து சொன்னது என்பதால் தேதிக் குழப்பங்கள் உண்டு. வேறு நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்த பகுதிகளும் உண்டு.

இந்த நூலில் கவனிக்க வேண்டிய ஒன்று அதன் கணக்கு. எந்த அரசர் எத்தனை தினார் கொடுத்தார், எத்தனை குதிரை, என்ன நிற உடை என்பதெல்லாம் 20 வருடம் கழித்தும் துல்லியமாக நினைவில் இருக்கிறது. இழந்த மனிதர்களுக்கோ ஓரிரு வரிகள்தான். டெல்லியில் மணந்த அஹ்சன் ஷாவின் மகளைப் பற்றிச் சொல்லும்போது, அவள் தனக்கு ஒரு பெண் குழந்தை பெற்றாள், இருவரும் என்ன ஆனார்கள் என்று தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அன்பு இல்லாததால் இப்படி என்று சொல்லிவிட முடியாது. துனிஸில் அழுதவர் அவர், சீனாவில் ஊர்க்காரரைப் பார்த்து அழுதவர் அவர். கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது, எழுதிவிடலாம். இல்லாமல் இருந்த வருடங்களுக்கு என்ன கணக்கு எழுதுவது?

அவர் வாழ்க்கையில் வேலை கிடைப்பது ஒருபோதும் பெரிய சிரமமாக இருந்ததில்லை. சிரமம் எல்லாம் வேலையை விட்டுக் கிளம்புவதில்தான். எல்லையில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி, வேலைக்கு முன்பே ஏறிய கடன், முதலாளியின் மனநிலை, வெளியேற வேண்டிய அனுமதி என்று ஒவ்வொன்றும் அவரைக் கட்டிப் போட்டன. பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு முறை எல்லாம் போனபோதும் அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் அரசர்கள் அல்ல. துனிஸில் பேச்சுக் கொடுத்த யாத்ரீகர், காட்டில் தோளில் சுமந்தவர், கோழிக்கோட்டில் உடை கொடுத்தவர்கள், கப்பலிலிருந்து காப்பாற்றிய நம் கடற்கரை மக்கள்.

கடைசிக் காலத்தில் மொராக்கோவின் ஏதோ ஒரு ஊரில் காஜியாக இருந்தார் என்றும், 1368-69 வாக்கில் இறந்தார் என்றும் குறிப்பு இருக்கிறது. தாஞ்சியரை விட்டே கிளம்பாமல் இருந்திருந்தாலும் அந்தக் குடும்பத்துப் பையனுக்கு அதே வேலை கிடைத்திருக்கும். அப்பா அம்மாவின் பக்கத்திலும் இருந்திருப்பார். ஆனால் 14-ஆம் நூற்றாண்டு டெல்லியும், மாலத்தீவும், மதுரையும் ஒரு வெளியாளின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்பது நமக்குக் கிடைத்திருக்காது. நமக்கு அது லாபம்தான். அவருக்கு அது லாபமா நஷ்டமா என்பதை அவர் எங்கேயும் சொல்லவில்லை.